மீன் குழம்பைப் பையில் அடைக்க: ஆவியா, அழுத்தமா, புளிப்பா, குளிரா?

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கத்து மகளிர் குழு ஒன்று கொஞ்ச நாளாக ஒரு யோசனையில் இருக்கிறது. மீன் ஊறுகாயும் கருவாடும் விற்றுப் பழக்கப்பட்டவர்கள். இப்போது குழம்பையே பையில் அடைத்து விற்கலாமா என்று பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ குவைத்திலோ இருக்கும் ஊர் அது. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளையின் பெட்டியில் எல்லாம் போகிறது, குழம்பு மட்டும் போவதில்லை. மிஷின் விற்பவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் காற்றை உறிஞ்சி ஒட்டும் வேக்குவம் பேக்கிங் போதும் என்கிறார். இன்னொருவர், அடைத்த பையை அழுத்த ஆவியில் வேக வைக்கும் ரிட்டார்ட் மிஷினை வாங்கச் சொல்கிறார். மூன்றாமவர், சூடே காட்டாமல் அழுத்தத்தால் மட்டும் கிருமியைக் கொல்லும் மிஷினின் வீடியோவை அனுப்பியிருக்கிறார். நான் வேதியியல் படித்தவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். குழுவில் மூத்தவரான அம்மா ஒருவர் கேட்டதுதான் சரியான கேள்வி: “மிஷின் கதையெல்லாம் இருக்கட்டும் மக்களே, வெளிய வச்சா நிக்குமா?”

அவர்களுக்குச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். தேங்காய்ப்பட்டணத்திலும் முட்டத்திலும் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் உதவும். எந்த மிஷின் என்பதை முதலில் முடிவு செய்யாதீர்கள். பண்டம் எவ்வளவு புளிப்பு, அதை விற்கும் கடையிலும் வாங்கும் வீட்டிலும் ஃப்ரிட்ஜில் வைப்பார்களா வெளியே வைப்பார்களா, இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மிஷின் தானாகவே முடிவாகிவிடும்.

ஏன் புளிப்பு?

காற்றுப் புகாமல் அடைத்த உணவில் நாம் பயப்பட வேண்டிய கிருமி கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் இருப்பது. சாதாரண நிலையில் இந்தப் பாக்டீரியா கொதிநீரில் செத்துவிடும். அது விடும் நஞ்சும் நன்றாகக் கொதித்தால் சிதைந்துவிடும். ஆனால் நெருக்கடி வந்தால் அது தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடுகிறது. அந்த வித்து கொதிநீருக்கு அசையாது. ஆக்சிஜன் இல்லாத பைக்குள் மறுபடி முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அது நரம்பைப் பிடித்து, மூச்சு விடும் தசைகளையே செயலிழக்கச் செய்யும் நஞ்சு. பை உப்பித்தான் காட்டும் என்றும் இல்லை, நாற்றம் வரும் என்றும் இல்லை.

அதற்கு ஒரு பலவீனம் உண்டு. புளிப்பை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6க்குக் கீழே போனால் அந்த வித்து முளைக்காது. உலகம் முழுக்க உணவைப் பதப்படுத்தும் விதிகள் இந்தக் கோட்டை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கோட்டுக்குக் கீழே உள்ள பண்டத்துக்குக் கொதிநீர்ச் சூடு போதும். மேலே இருந்தால், அதுவும் வெளியே வைத்து விற்பதாக இருந்தால், 100 டிகிரியைத் தாண்டியாக வேண்டும்.

“எங்க குழம்பு நல்ல புளிப்பாச்சே” என்றார்கள். நாக்குக்குப் புளிப்பது வேறு, பிஎச் வேறு. மீன் தசையின் பிஎச் பெரும்பாலும் 6-க்கும் மேல். அதிலுள்ள புரதம் புளியின் அமிலத்தை உறிஞ்சி அடக்கிவிடும். குழம்பு புளித்தாலும் துண்டின் நடுவில் புளிப்பு போய்ச் சேர்ந்திருக்காது. தேங்காய் அரைத்து ஊற்றினால் இன்னும் மட்டுப்படும். நம் ஊர் மீன் கறியை, புளிமுளம் உட்பட, அளந்து பார்க்காமல் புளிப்புப் பண்டம் என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது.

இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வைத்தால்?

பலரும் நினைப்பது இதுதான். பாட்டிலில் அடைத்து அண்டாவில் கூடுதல் நேரம் கொதிக்க விடலாமே என்று. 1922-இல் எஸ்டி, மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் இதைத்தான் அளந்தார்கள். அங்கே டின் உணவால் சாவுகள் நேர்ந்த காலம் அது. மிகவும் முரட்டு வித்துகளை அழிக்க 100 டிகிரியில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் தேவைப்பட்டது. 121 டிகிரியில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. சூடு பத்து டிகிரி ஏறினால் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது, அதுதான் கணக்கு. மூன்று நிமிடம் என்பது ஒரு லட்சம் கோடி வித்துகளில் ஒன்று மிஞ்சும் அளவுக்கு வைத்த பாதுகாப்பு எல்லை. ஐந்தரை மணி நேரம் கொதித்த அயிலை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. அழுத்தம் கூடினால்தான் கொதிநிலை ஏறும். 1679-இல் டெனி பாபின் பாத்திரத்தை மூடி ஆவியை அடக்கி எலும்பைக் கூழாக்கிக் காட்டினாரே, அந்த முறைதான் நம் வீட்டுக் குக்கர் வரை வந்திருக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேலே சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு கிலோ ஏறினால் ஆவி 120 டிகிரி தொடும். ஆக, ரிட்டார்டில் அழுத்தம் கிருமியைக் கொல்வதில்லை. சூட்டை ஏற்றிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது, கொல்வது சூடுதான். பின்னால் வரும் உயர் அழுத்த மிஷினில் கதை தலைகீழ்.

இந்த உத்தி நம் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொல்லாங்கொட்டையை உடைக்கும் முன்னே பாய்லர் ஆவியில் அழுத்தத்தோடுதான் வேக வைக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த பெண்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறார்கள். பாய்லரைக் கண்டு மிரளாத கைகள் அவை.

ரிட்டார்ட் பை

வெளியே வைத்து விற்கும் மீன் குழம்புக்கு என் தேர்வு இதுதான். பாலியஸ்டர், அலுமினியத் தாள், பாலிபுரோப்பிலீன் என்று அடுக்கி ஒட்டிய பை. வெளி அடுக்கு உறுதிக்கு, நடு அடுக்கு வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் தடுக்க, உள் அடுக்கு சூட்டில் உருகி ஒட்டுவதற்கு. ஜப்பானில் ஒட்சுகா நிறுவனம் 1968-இல் பையில் அடைத்த பான் கறியை விற்கத் தொடங்கியது. நம் பக்கத்தில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் கறிகளுக்கு இந்த முறையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, தொழில் தொடங்குவோருக்குப் பயிற்சியும் தருகிறது. டின்னை விடப் பைக்கு ஒரு பெரிய வசதி: தட்டையாக இருப்பதால் சூடு நடுவுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். ஓரத்து மீன் குழையும் முன்னே நடுத் துண்டு வேண்டிய சூட்டைத் தொட்டுவிடும்.

வேலை நடப்பதை அருகில் நின்று பார்த்தால்தான் எங்கே பிசகும் என்று புரியும். துண்டுகளை எண்ணிப் போட்டு, குழம்பை அளந்து ஊற்றி, வாயை ஒட்டுகிறார்கள். ஒட்டும் இடத்தில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கோ, எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் போதும், பார்வைக்கு ஒட்டியது போல இருந்துவிட்டுப் பிறகு கசியும். அதனால் வாய் ஓரத்தில் குழம்பு படாமல் ஊற்றத் தனிப் புனல் வைத்திருப்பார்கள். மாதிரிப் பை ஒன்றில் துளை போட்டு, ஊசி போன்ற வெப்பமானியைத் துண்டின் நட்டநடுவில் குத்தி வைப்பார்கள். மிஷினின் டயல் 121 காட்டுவது முக்கியம் இல்லை. அந்த ஊசி என்ன காட்டுகிறது, எத்தனை நிமிடம் காட்டுகிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. மீன் குழம்புக்கு மூன்று நிமிடத்தோடு நிறுத்துவதும் இல்லை. ஆளைக் கொல்லாவிட்டாலும் பண்டத்தைக் கெடுக்கும் வேறு வித்துகள் இன்னும் முரடானவை. ஆகவே இரண்டு மூன்று மடங்கு வரை கொண்டுபோவார்கள்.

ஆபத்தான நேரம் சூட்டை நிறுத்திய பிறகு வருகிறது. தண்ணீர் விட்டுக் குளிர்விக்கும்போது வெளியே ஆவி அழுத்தம் சட்டென்று விழும். பைக்குள் குழம்பு இன்னும் 120-லேயே இருக்கும், உள்ளே இருக்கும் அழுத்தம் பையைப் பிளந்துவிடும். இதைத் தடுக்க, குளிரும் வரை அழுத்தப்பட்ட காற்றை உள்ளே செலுத்தி வெளி அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். வீட்டுக் குக்கரில் பையை வைத்துச் செய்ய முடியாததற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் காற்று. ஆவியோடு காற்றும் கலந்திருந்தால், அழுத்தம் சரியாக இருந்தாலும் சூடு குறைவாக இருக்கும். குக்கரில் அதை அளந்து காட்ட ஒன்றும் கிடையாது. சோறு வேகாவிட்டால் தெரிந்துவிடும், வித்து சாகாவிட்டால் தெரியாது. குக்கரைக் காட்டி “இதுவே போதும்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

குளிர்விக்கும் தண்ணீரில் குளோரின் இருக்க வேண்டும். சூடான ஒட்டு இளகியிருக்கும் நேரத்தில் ஒரு சொட்டு உள்ளே இழுத்தாலும் போச்சு. பிறகு தொகுதிக்குச் சில பைகளை எடுத்து 37 டிகிரியில் இரண்டு வாரமும் 55 டிகிரியில் ஒரு வாரம் போலவும் வைத்துப் பார்ப்பார்கள். 55 எதற்கு என்று கேட்கலாம். சூட்டை விரும்பி வளரும் கிருமிகள் சில உண்டு. மே மாதத்தில் தகரக் கூரை போட்ட குடோனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ருசி. ரிட்டார்டுக்கு ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பச்சைத் தேங்காய் அரைத்த குழம்பை வீட்டிலேயே நாம் தளதளவென்று கொதிக்க விடுவதில்லை, திரிந்துவிடும் என்று. தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைப் பிடித்து வைத்திருப்பது புரதம். சூட்டில் அந்தப் புரதம் சுருண்டு கட்டியாகிவிட, எண்ணெய் தனியே மிதக்கும். 121 டிகிரியில் இதற்கு என்ன கதி என்று பாருங்கள். அதோடு சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பேறும் மெயிலார்ட் வினையும் வேகமாக நடக்கும். வெள்ளைக் குழம்பு மங்கலாகிவிடும். இதனால்தான் தேங்காயை வறுத்தரைத்த குழம்பை முதலில் எடுக்கச் சொன்னேன். அந்தப் பழுப்பும் வறுத்த மணமும் ஏற்கெனவே அதில் இருக்கிறது, ரிட்டார்ட் சேர்ப்பது பெரிதாக உறுத்தாது. மசாலாவை மட்டும் வழக்கத்தை விட ஒரு படி குறைவாக வறுக்க வேண்டும், இல்லையென்றால் கசப்பு தட்டும். மீனையும் முழுதாக வேக விடாமல், ஆவியில் லேசாகத் தண்ணீர் வடிய வைத்துப் போட வேண்டும்.

மீனில் சூரை தாங்கும். தூத்தூர், சின்னத்துறைக்காரர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுப் பிடித்து வருவது கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடைக்கிறது. சாளை வேறொரு வகையில் நல்லது. எலும்பிலுள்ள கொலாஜன் கரைந்து முள் மெத்தென்று ஆகி, குழந்தைகள்கூட முள்ளோடு தின்னலாம், கால்சியமும் சேரும். நெத்திலி வேண்டாம், கரைந்துவிடும்.

அழுத்தம் மட்டும்

வீடியோவில் பார்த்த அந்த மிஷின் உண்மையிலேயே அருமையான அறிவியல். நான் அதை விரும்பிப் படித்தவன். 1899-இல் மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் பாலை அழுத்தி வைத்தால் கெடாமல் நிற்கிறது என்று கண்டார். 1914-இல் பெர்சி பிரிட்ஜ்மன், அடுப்பே இல்லாமல் முட்டை வெள்ளைக்கருவை அழுத்தத்தால் மட்டும் கட்டியாக்கிக் காட்டினார். பின்னாளில், 1946-இல், உயர் அழுத்த ஆய்வுக்காக நோபல் பரிசும் வாங்கினார். ஜப்பானில் 1990-இல் இந்த முறையில் செய்த ஜாம் கடைக்கு வந்தது.

இப்போதைய மிஷின்களில் 400 முதல் 600 மெகாபாஸ்கல். 600 என்றால் சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஏறக்குறைய ஆறு டன். கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். தண்ணீருக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துவதால் திராட்சைகூட நசுங்காது. இந்த அழுத்தம் பெரிய புரதங்களைக் கட்டி வைத்திருக்கும் பலவீனமான பிணைப்புகளைக் குலைத்துவிடும், கிருமியின் சவ்வும் என்சைமும் சிதையும். மணம், நிறம், வைட்டமின் போன்ற சின்ன மூலக்கூறுகளின் வலுவான கோவேலண்ட் பிணைப்பைத் தொடாது. ஆகவே சாறு பிழிந்த அன்றைய ருசியிலேயே நிற்கும்.

ஆனால் வித்து இதற்கும் அசையாது. சூடு சேர்க்காத வரையில் 600 மெகாபாஸ்கலிலும் பாட்டுலினம் வித்து பிழைத்துக்கொள்ளும். அழுத்தத்தோடு சூட்டையும் கூட்டிச் செய்யும் முறையை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இல் ஏற்றுக்கொண்டது உண்மை. அது நம் குழு எட்டக்கூடிய இடத்தில் இல்லை. அழுத்தம் மட்டும் கொடுத்த மீன் குழம்பு கடைசி வரை ஃப்ரிட்ஜில் இருந்தாக வேண்டும். மூத்த அம்மா கேட்ட கேள்விக்கு இந்த மிஷினின் பதில் “நிக்காது” என்பதுதான். அதன் விலையும் கோடிக் கணக்கில். பச்சை மீனும் இந்த அழுத்தத்தில் கண்ணாடித் தன்மை போய் வெந்தது போல வெளுத்துவிடும்.

நம் மாவட்டத்தில் இது பொருந்தும் பண்டம் இல்லாமல் இல்லை. இளநீரைக் காய்ச்சினால் அதன் ருசி போய்விடுகிறது. அக்கானியை (பதநீரை) காய்ச்சினால் கருப்பட்டி வாசம் ஏறிவிடுகிறது, அது அக்கானியே இல்லை. இந்த இரண்டுக்கும் அழுத்த முறைதான் ருசியைக் காக்கும். இரண்டுமே புளிப்பில்லாத பண்டம் என்பதால் அங்கேயும் குளிர்ச்சி விட்டுப்போகக் கூடாது. பனைத் தொழிலாளர்கள் சேர்ந்து, அரசும் கைகொடுத்து, மாவட்டத்துக்குப் பொதுவாக ஒன்று வந்தால் நான் மகிழ்வேன். ஒரு மகளிர் குழு தனியாகக் கடன் வாங்கிச் செய்யும் காரியம் அல்ல அது.

வேக்குவம், ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர்

வேக்குவம் பேக்கிங் மட்டும் போதும் என்று சொன்னவரின் பேச்சுதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. காற்றை உறிஞ்சுவது பாட்டுலினத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பது மாதிரி. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் முழு நிம்மதி கிடையாது. மீனோடு அதிகம் தொடர்புடைய ‘இ’ வகை 3 டிகிரி வரைகூட வளரும். நல்லவேளையாக அந்த வகையின் வித்து அவ்வளவு முரடு இல்லை, துண்டின் நடுவில் 90 டிகிரி பத்து நிமிடம் நின்றால் அடங்கிவிடும். ஆக, பையில் அடைத்த பிறகு அந்தச் சூட்டைக் கொடுத்து, உடனே குளிர்வித்து, குறுகிய நாளுக்குள் விற்பது ஒரு வழி. கடைக்காரர் இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டால் எல்லாம் வீண்.

அதற்கு ஃப்ரீசர் எவ்வளவோ மேல். மைனஸ் 18 டிகிரியில் எந்தக் கிருமியும் வளராது. ருசியும் ரிட்டார்டை விட வீட்டுக் குழம்புக்கு நெருக்கமாக இருக்கும், பச்சைத் தேங்காய்க் குழம்பையும் வைக்கலாம். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் வேலைக்குப் போகும் குடும்பங்கள்தான் வாடிக்கையாளர் என்றால், நான் ரிட்டார்டைத் தொடாமல் ஃப்ரீசரோடு தொடங்குவேன். துபாய்க்கு இது ஆகாது.

புளிப்பு வழி

மீன் ஊறுகாயை அவர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள். மீனை வறுத்து, வினிகரில் ஊறவிட்டு, துண்டின் உள்ளும் சேர்த்து 4.6க்கு நன்றாகக் கீழே கொண்டுவந்துவிட்டால் கொதிநீர்ச் சூடு போதும், கண்ணாடிப் பாட்டில் போதும். இதே வழியில் சக்கையையும் (பலாப்பழத்தையும்) எடுக்கலாம். பழுத்த வருக்கைச் சக்கைச் சுளையின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சர்க்கரைப் பாகில் சிட்ரிக் அமிலம் சேர்த்து இறக்கிவிட்டால் ஆவிப் பாய்லர் இல்லாமலே பாட்டிலில் நிற்கும். சீசனில் குலசேகரம் பக்கம் மரத்தடியிலேயே அழுகும் சக்கையைப் பார்க்கும்போது, மீனுக்கு முன்னே இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எந்த மிஷினாலும் ஆகாதது

சூரை, அயிலை, சாளை மூன்றிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்றவருக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரும். உருவான ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது, 121 டிகிரியிலும் போகாது, 600 மெகாபாஸ்கலிலும் போகாது, ஃப்ரீசரிலும் போகாது. ஆகவே மிஷினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஐஸுக்கும் நல்ல ஐஸ் பெட்டிக்கும் போக வேண்டும். ஏலத்தில் கடைசியாக மலிவாக வரும் மீனைக் குழம்புக்கு என்று வாங்கும் பழக்கத்தை விட வேண்டும்.

என் பரிந்துரை

இந்தக் குழுவுக்கு: இப்போதைக்கு ரிட்டார்ட் வாங்க வேண்டாம், வாடகைக்குப் பயன்படுத்துங்கள். கொச்சி நிறுவனத்திலும் தஞ்சாவூரிலுள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்மிலும் தொழில் தொடங்குவோருக்கு வசதி உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் மீன் பதப்படுத்தும் துறை இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். வறுத்தரைத்த சூரைக் குழம்பு ஒன்றை மட்டும் எடுத்து, உங்கள் துண்டின் அளவுக்கும் உங்கள் பையின் கனத்துக்கும் எத்தனை நிமிடம் என்று அங்கே எழுத்தில் வாங்குங்கள். துண்டைப் பெரிதாக்கினாலோ குழம்பைக் கெட்டியாக்கினாலோ அந்தக் கணக்கு செல்லாது, மறுபடி ஊசி குத்தித்தான் பார்க்க வேண்டும். அதுவரை வருமானத்துக்கு ஊறுகாய் இருக்கிறது.

சொந்த மிஷின் என்ற பேச்சு விற்பனை நிலைத்த பிறகு வரட்டும். 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியமும், குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் வைத்திருந்தார்கள். இப்போது என்ன நிலவரம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே வாங்க வேண்டியது ஒரு பிஎச் மீட்டர். காகிதப் பட்டை வேண்டாம், குழம்பின் நிறத்தில் அது பொய் சொல்லும். பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு பஃபர் கரைசலையும் சேர்த்து வாங்கி, ஒவ்வொரு முறையும் அவற்றில் சரிபார்த்த பிறகு அளக்க வேண்டும். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றை ஒரு வாரம் ஊறிய பிறகு திறந்து, சாற்றை வடித்துவிட்டு, துண்டை மட்டும் மிக்சியில் அரைத்து அளங்கள். அந்த எண் 4.6க்கு மேலே இருந்தால் அந்தத் தொகுதி ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், கடைக்குப் போகக் கூடாது.